45 நாள் கெடு, 5 வருஷ வாய்தா

தேர்தலில் தோற்றவர் வக்கீல் ஆபீசுக்கு வரும்போது கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று கட்டாயம் இருக்கும். 34 வருஷம் பார்த்தாச்சு, இது மாறவே இல்லை. பைக்குள் வேர்வையில் நனைந்து காய்ந்த காகிதங்கள். பெரும்பாலும் படிவம் 17சி. வாக்குப்பதிவு முடிந்ததும் இந்த மெஷினில் இத்தனை ஓட்டு பதிவாகியிருக்கிறது என்று எழுதி, பூத் ஏஜெண்டுகளுக்கு ஒரு நகல் கொடுப்பார்கள். ஜெயித்தவர் அதை அன்றைக்கே தொலைத்துவிடுவார். தோற்றவர் பத்திரமாக வைத்திருப்பார்.

நான் வக்கீல் இல்லை. வக்கீல் குமாஸ்தா. பாரிமுனையில் தம்புச் செட்டித் தெருவை ஒட்டிய ஒரு மாடி ஆபீசில் 1986-ல் சேர்ந்தேன், 2020-ல் ஊரடங்கு வந்தபோது வீட்டோடு உட்கார்ந்தவன்தான், திரும்பப் போகவில்லை. கேஸ் கட்டு தைப்பது, ஸ்டாம்ப் ஒட்டுவது, ஃபைலிங் செக்‌ஷனில் நிற்பது, ரிட்டர்ன் ஆனால் சரிசெய்து மறுபடி போடுவது, பேட்டா (நோட்டீஸ் அனுப்பும் கட்டணம்) கட்டுவது, காஸ் லிஸ்ட் என்கிற அன்றைய வழக்குப் பட்டியலைப் பார்த்து ஜூனியர்களை விரட்டுவது, இவ்வளவுதான் என் வேலை. சட்டம் படித்ததில்லை. ஆனால் தேர்தல் வழக்கில் சட்டத்தை விடக் காகிதம் பெரிசு. அந்த வகையில் எனக்கும் கொஞ்சம் தெரியும்.

எங்கள் பெரிய சார் ஒவ்வொரு புது ஜூனியருக்கும் முதல் வாரமே ஒரு கதை சொல்லுவார், நாமக்கல் கதை. சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த முதல் பொதுத்தேர்தல். அன்றைய சேலம் மாவட்டத்து நாமக்கல் தொகுதிக்கு பொன்னுசாமி என்பவர் வேட்புமனுத் தாக்கல் செய்கிறார். தேர்தல் அதிகாரி மனுவைத் தள்ளுபடி செய்கிறார். இவர் நேராக மெட்ராஸ் ஹைகோர்ட்டில் ரிட் போடுகிறார். முடியாது என்றார்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1952 ஜனவரி 21-ல் அங்கேயும் முடியாது என்றார்கள். அரசியல் சாசனத்தின் 329(பி) பிரிவு இருக்கிறது, தேர்தல் ஆரம்பித்துவிட்டால் நடுவில் எந்தக் கோர்ட்டும் நிறுத்தாது, எல்லாம் முடியட்டும், பிறகு தேர்தல் மனு போடு.

"அப்போ அவர் நிற்கவே முடியாமப் போச்சே சார்?" என்று யாராவது ஜூனியர் கேட்பார். ஒவ்வொரு வருஷமும் ஒருத்தர் கேட்பார்.

"ஆமாம்பா. பஸ் கிளம்பியாச்சு. ஏறலைன்னா டெப்போவுக்கு வந்தப்புறம் கம்ப்ளெயிண்ட் குடு. நடுரோட்டுல குறுக்கப் படுக்காதே. அதான் சட்டம்."

அந்தச் சட்டம் இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு தேர்தலிலும் வேட்புமனு தள்ளுபடியான யாராவது ரிட் போட ஓடிவந்து, அதே பதிலோடு திரும்பிப் போவதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

டெப்போவில் புகார் கொடுப்பதற்குத்தான் தேர்தல் மனு. 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். முதலில் இதற்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் இருந்தன. 1966-ல் சட்டத்தைத் திருத்தி நேரடியாக ஹைகோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தோற்ற வேட்பாளர்தான் போட வேண்டும் என்றில்லை, அந்தத் தொகுதி வாக்காளர் யார் வேண்டுமானாலும் போடலாம். முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாள். வைப்புத்தொகை 2,000 ரூபாய். சட்டமன்றத்துக்கு நிற்பவர் கட்டும் டெபாசிட் இன்றைக்கு 10,000, மக்களவைக்கு 25,000. தேர்தலே செல்லாது என்று கேட்க மட்டும் இன்னும் அதே 2,000. இதில் எனக்கு எப்போதுமே ஒரு அல்ப சந்தோஷம்.

45 நாள் என்றால் 45 நாள்தான். வேறு வழக்குகளில் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்பு மனு போடலாம், காமாலை, கால் முறிவு என்று என்னென்னவோ அஃபிடவிட்டுகள் தைத்திருக்கிறேன். இங்கே அது கிடையாது. கடைசி நாள் லீவாக இருந்தால் மட்டும் கோர்ட் திறக்கும் அன்றைக்குப் போடலாம். 2016-ல் மே 19 முடிவு வந்தது, 45-வது நாள் ஜூலை 3, ஞாயிறு. 2019-ல் மே 23, கணக்குப் போட்டால் ஜூலை 7, அதுவும் ஞாயிறு. இரண்டு முறையும் திங்கட்கிழமை ஃபைலிங் செக்‌ஷனில் திருவிழாக் கூட்டம்.

அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பீகாரில் ஒரு வழக்கு, கடைசி நாள் சனிக்கிழமை. நீதிபதிகள் உட்காரவில்லை, ஆனால் ஆபீஸ் திறந்திருந்தது. மனுதாரர் திங்கட்கிழமை போட்டார். ஆபீஸ் திறந்திருந்தால் கோர்ட் திறந்திருந்த மாதிரிதான், உன் மனு காலாவதி என்று 1974-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைக் கேட்டதிலிருந்து சனிக்கிழமை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இனி என் கதை. எந்த வருஷம், எந்தத் தொகுதி என்று சொல்லப் போவதில்லை. ராதாபுரம் வழக்குக்கு (அது பின்னால் வரும்) முந்தைய காலம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நம் கட்சிக்காரர் (எங்கள் ஆபீசில் கட்சிக்காரர் என்றால் கிளையண்ட், அரசியல் இல்லை) நூறைத் தொடாத வித்தியாசத்தில் தோற்றவர். அதைவிட அதிகமாகத் தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கியிருந்தார்கள். மூன்று பூத்தில் 17சி கணக்கும் எண்ணிக்கையும் இடித்தன. மனுவில் இரண்டு கோரிக்கை. ஜெயித்தவர் தேர்வு செல்லாது, மறுபடி எண்ணி என்னையே ஜெயித்தவராக அறிவியுங்கள்.

அந்த இரண்டாவது கோரிக்கை வந்தாலே குமாஸ்தாவுக்குக் கேடு. என்னை அறிவியுங்கள் என்று கேட்டால், போட்டியிட்ட அத்தனை பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தாக வேண்டும். சுயேச்சைகளோடு சேர்த்து 13 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு செட், கோர்ட்டுக்கு ஒன்று, நமக்கு ஒன்று, ஆக 15. ஒரு செட் 160 பக்கம். ஒவ்வொரு பிரதியும் 'உண்மை நகல்' என்று மனுதாரரே கையெழுத்திட்டுச் சான்று செய்ய வேண்டும். எதற்கு வம்பு என்று பக்கத்துக்குப் பக்கம் போடவைப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். பெருக்கிப் பாருங்கள், 2,400 கையெழுத்து.

இரண்டு நாள் உட்கார்ந்தார் மனுஷன். வாசல் பக்கத்து நீள மேஜையில் நான் தாளைத் தள்ளுவேன், அவர் போடுவார், ஆபீஸ் பையன் இழுத்து அடுக்குவான். முதல் ஐம்பது பக்கம் தகப்பன் பெயரோடு முழுக் கையெழுத்து. சாயங்காலத்துக்குள் அது ஒரு சுழி, ஒரு கோடு என்று சுருங்கிவிட்டது. இரண்டாம் நாள் மதியம் விரல் மடங்கவில்லை. எதிர்க்கடை டீ கிளாஸைச் சூடாக உள்ளங்கையில் உருட்டினார். "அண்ணே, ஓட்டுக் கேட்டுக் கும்பிட்டப்பக்கூட இந்தக் கை இப்படி வலிக்கலண்ணே" என்றார்.

43-வது நாள் மனு போட்டோம். அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். வக்கீல் மட்டும் போய்க் கொடுத்தால் போதாது, மனுதாரரே வர வேண்டும் என்று கர்நாடக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2009-ல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. எங்கள் பெரிய சார் அதற்கு முன்பிருந்தே அப்படித்தான். மனு நம்பர் ஆனது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

நாலு மாதம் கழித்து எதிர்த்தரப்பிலிருந்து ஒரு அப்ளிகேஷன். ஒன்பதாவது எதிர்மனுதாரருக்குப் போன செட்டில், இணைப்பு 3-ல், ஒரு பக்கத்தில் மனுதாரரின் கையெழுத்து இல்லை. ஆகவே அது உண்மை நகல் இல்லை. ஆகவே 86(1) பிரிவின்படி வழக்கை எடுத்த எடுப்பிலேயே தள்ளுபடி செய்ய வேண்டும்.

ஒன்பதாவது எதிர்மனுதாரர் தையல் மெஷின் சின்னத்தில் நின்ற ஒரு சுயேச்சை. கோர்ட் பக்கம் தலைவைத்தே படுக்காதவர். அவர் வீட்டுக்குப் போய் அவருடைய செட்டை வாங்கி, 160 பக்கத்தையும் புரட்டி, அந்த ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எதிர்த்தரப்புக் குமாஸ்தாவை எனக்குத் தெரியும். கேண்டீனில் பார்த்தபோது சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய, அவர் இடத்தில் நான் இருந்தாலும் புரட்டியிருப்பேன்.

தாள் தள்ளியவன் நான். ஒன்றாக ஒட்டிக்கொண்டு போன இரண்டு தாளைக் கவனிக்காதவன் நான். பெரிய சார் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. "விடுப்பா, பாத்துக்கலாம்" என்று கேஸ் கட்டை மூடினார்.

86(1) என்பது லேசுப்பட்ட பிரிவு இல்லை. 45 நாள், சேர்க்க வேண்டிய ஆட்கள், நகல், வைப்புத்தொகை, இதில் கோளாறு இருந்தால் ஹைகோர்ட் மனுவைத் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும். வேறு வழி விடாத வாசகம். காரணமும் நியாயமானதுதான். லட்சம் பேர் வரிசையில் நின்று போட்ட ஓட்டை ஒருத்தர் வந்து மாற்று என்று கேட்கிறார் என்றால், வாசலிலேயே அவரைக் கசக்கிப் பார்க்கத்தான் வேண்டும். ஊழல் நடைமுறை (ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மாதிரி) என்று குற்றம் சாட்டினால் கிரிமினல் கேஸ் மாதிரிச் சந்தேகமில்லாமல் நிரூபிக்கச் சொல்வதும், எண்ணிக்கையில் தப்பு என்றால் அதனால் முடிவே மாறியிருக்கும் என்று காட்டச் சொல்வதும் அதனால்தான். இதிலெல்லாம் எனக்கு வருத்தமே இல்லை.

வருத்தம் அடுத்த வரியில். அதே 86-வது பிரிவு, ஆறு மாதத்துக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்றும் சொல்கிறது. முடிந்தவரை தினசரி விசாரிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முயல வேண்டும், முடிந்தவரை. மனுதாரருக்கு ஒருநாள் தவறினால் சாவு. வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் கடிகாரமே கிடையாது. 2,400-ல் ஒரு கையெழுத்து குறைந்ததற்குக் கதவை அடைக்கச் சொல்கிற சட்டம், ஆறு மாதத்தை அஞ்சு வருஷமாக இழுப்பவரை ஏன் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஜெயித்தவர் வழக்கில் ஜெயிக்க வேண்டியதில்லை. வாய்தா வாங்கினால் போதும்.

எப்படி இழுக்கிறது என்று வெளியாட்கள் கேட்பார்கள். யாரும் தனியாகச் சதி செய்ய வேண்டியதில்லை. 13 பேருக்கு நோட்டீஸ். ஏழு பேர் வாங்கினார்கள். நாலு சுயேச்சைகளின் தபால் 'விலாசத்தில் இல்லை' என்று திரும்பியது. மறுபடி பேட்டா, அதற்கும் ஆள் இல்லை என்றால் பேப்பரில் விளம்பரம். பிறகு பதில் மனுவுக்கு வாய்தா. பிறகு இந்த 86(1) அப்ளிகேஷன். அதற்கு நம் பதில். வாதம் பாதியில் இருக்கும்போது ரோஸ்டர் (எந்த நீதிபதிக்கு எந்த வழக்கு என்ற பட்டியல்) மாறி வேறு நீதிபதி. தேர்தல் வழக்கு கேட்கிற நீதிபதிக்கு அது மட்டும் வேலை இல்லையே, அவர் பட்டியலில் மற்ற சிவில் கேஸ்களும் இருக்கும். 11 மாதம் கழித்து உத்தரவு வந்தது. ஒரு பக்கத்துக் கையெழுத்துக்காக வழக்கைத் தூக்கிப் போட முடியாது, அப்ளிகேஷன் தள்ளுபடி. காஸ் லிஸ்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராகக் காளிகாம்பாள் கோயிலுக்குப் போனேன். அவர்கள் நேராக டெல்லிக்கு, உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். தடை. ஒன்றரை வருஷம்.

எங்கள் கதைதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். தூத்துக்குடியில் 2019-ல் கனிமொழி ஜெயித்ததை எதிர்த்து ஒரு வாக்காளர் போட்ட மனுவை எடுத்துக்கொள்ளுங்கள். விசாரிக்கலாம் என்றது ஹைகோர்ட். விசாரிக்கவே முகாந்திரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது 2023 மே மாதம். வாசல்படி கேள்விக்கே நாலு வருஷம். அதே தொகுதியில் தோற்ற தமிழிசையும் மனு போட்டிருந்தார், தெலுங்கானா கவர்னர் ஆனதும் வாபஸ் கேட்டார். தேர்தல் மனுவை நினைத்தபடி வாபஸ் வாங்கவும் முடியாது. கோர்ட் அனுமதி வேண்டும், அரசிதழில் போட வேண்டும், வேறொருவர் முன்வந்தால் அந்த இடத்தில் அவர் உட்காரலாம். இரண்டு பேர் சண்டை இல்லை, தொகுதியின் வழக்கு என்பதுதான் காரணம். இதை எங்கள் கட்சிக்காரரிடம் சமாதானம் பேச வந்தவர்களுக்கு விளக்கிச் சொல்லி அனுப்பியது நான்தான்.

கொளத்தூரில் 2011-ல் மு.க. ஸ்டாலின் ஜெயித்ததை எதிர்த்து சைதை துரைசாமி போட்ட மனுவை ஹைகோர்ட் தள்ளுபடி செய்தது 2017 செப்டம்பரில். அதற்குள் 2016 தேர்தலே வந்து போய்விட்டது. தேனியில் 2019-ல் 76,000-க்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்த ஓ.பி. ரவீந்திரநாத்தின் தேர்வு செல்லாது என்று தீர்ப்பு வந்தது 2023 ஜூலை 6. சொத்து விவரத்தை மறைத்தார், வேட்புமனுவை ஏற்றதே தவறு என்பது காரணம். போட்டதும் ஒரு வாக்காளர்தான். நான் அப்போது ஓய்வில் இருந்தேன், டிவியில் பார்த்ததும் விரலில் எண்ணினேன். மனுப் போடக் கடைசி நாள் 2019 ஜூலை 8. இரண்டு நாள் குறைவாக நாலு வருஷம். மேல்முறையீட்டுக்காக ஹைகோர்ட்டே 30 நாள் நிறுத்திவைத்தது, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது.

இந்திராகாந்தி வழக்கை மட்டும் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அலகாபாத், நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா, 1975 ஜூன் 12. எனக்கு அப்போது பதினைந்து வயசு, டீக்கடை ரேடியோவைச் சுற்றி நின்ற கூட்டம் ஞாபகம் இருக்கிறது. பிரதமரையே செல்லாது என்று சொன்ன தைரியம் பெரிசுதான். ஆனால் ராஜ்நாராயண் வழக்கு போட்டது 1971-ல். அதுவும் நாலு வருஷம்தானே.

ராதாபுரம் தீர்ப்பு வந்த அன்று எங்கள் ஆபீசில் யாருக்கும் வேலை ஓடவில்லை. 2016-ல் இன்பதுரை 49 ஓட்டில் ஜெயித்திருந்தார். தோற்ற அப்பாவு, 203 தபால் ஓட்டுகளைத் தப்பாக ஒதுக்கிவிட்டார்கள் என்றார். தபால் ஓட்டுப் போடுகிறவரின் உறுதிமொழியில் கெஜடட் அதிகாரி சான்றொப்பம் வேண்டும். ஆசிரியர்கள் பலர் தங்கள் தலைமையாசிரியரிடமே வாங்கியிருந்தார்கள். அந்தத் தலைமையாசிரியருக்கு அந்தத் தகுதி இல்லை என்று ஒதுக்கியாச்சு. ஒரு தொகுதியின் எம்.எல்.ஏ. யார் என்பது, நடுநிலைப் பள்ளி ஹெட்மாஸ்டர் பச்சை மையில் கையெழுத்துப் போடலாமா என்பதில் வந்து நின்றது. 2019 அக்டோபர் 1-ல் நீதிபதி ஜெயச்சந்திரன், அந்த 203 ஓட்டையும் 19, 20, 21-வது சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னார். அக்டோபர் 4-ல் ஹைகோர்ட் வளாகத்திலேயே எண்ணினார்கள்.

அன்று பெட்டிகள் வந்து இறங்கியதை நான் பார்த்தேன். கேட்டுக்குக் கேட் போலீஸ், கேமராக்காரர்கள், கருப்புக் கோட்டுகள். எங்கள் கட்சிக்காரர் ஊரிலிருந்து போன் செய்தார். "அண்ணே, எண்றாங்களாமே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "எண்ணட்டும்ணே" என்று வைத்துவிட்டார். எண்ணினார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. எண்ணிய காகிதம் உறைக்குள் கிடக்க, 2021-ல் அந்தச் சட்டசபையின் காலமே முடிந்தது. அடுத்த தேர்தலில் அப்பாவு ஜெயித்து சபாநாயகர் ஆனார், அது வேறு விஷயம்.

எங்கள் வழக்கு அந்த அளவுக்குக்கூட வரவில்லை. டெல்லியிலிருந்து திரும்பி வந்தபோது நாலாவது வருஷம். எங்கள் கட்சிக்காரர் முதல் சாட்சியாகக் கூண்டேறினார். குறுக்கு விசாரணை மூன்று வாய்தா. 17சி நகல்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இந்தக் கையெழுத்து யாருடையது, அந்த ஏஜெண்ட் இப்போது எங்கே என்று கேட்டார்கள். ஒரு ஏஜெண்ட் துபாய் போய்விட்டார், ஒருவர் கட்சி மாறிவிட்டார். அதற்குள் அடுத்த தேர்தல் தேதி வந்தது. ஊழல் நடைமுறைக் குற்றச்சாட்டு இருந்தால், பதவிக்காலம் முடிந்தாலும் தகுதி நீக்கம் ஆறு வருஷம் வரை போகலாம் என்பதால் வழக்கு உயிரோடு இருக்கும். நாங்கள் கேட்டது மறு எண்ணிக்கை. சபையே கலைந்த பிறகு எதை எண்ணி யாரை உட்காரவைப்பது? 'பயனற்றுப் போனது' என்று இரண்டு பாராவில் முடித்தார்கள். வைப்புத்தொகை 2,000-ஐத் திரும்ப வாங்கத் தனியாக ஒரு மனு தைத்தேன்.

உத்தரவு வருவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே அந்த ஊர்த் தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் ஆபீஸ் லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்கு நடக்கும்வரை அந்தத் தொகுதி மெஷின்களைத் தொடக்கூடாது என்பதால், அஞ்சு வருஷமாக ஒரு ரூமுக்கு சீல் வைத்து, வாசலில் ஒரு போலீஸ்காரரை உட்காரவைத்திருந்தார்கள்.

"சார், ஆர்டர் காப்பி வந்திடுச்சா? ரூம் வேணும் சார். புது மெஷின் வந்து இறங்கிருச்சு, வைக்க இடமில்ல."

"நாளைக்குக் கெடச்சிடும். ஃபேக்ஸ் பண்ணட்டுமா?"

"சீல் போட்ட காப்பி வேணும் சார், ஃபேக்ஸ் செல்லாதுன்னுடுவாங்க. பக்கத்துக்குப் பக்கம் சீல் இருக்கான்னு பாத்து அனுப்புங்க."

பார்த்துத்தான் அனுப்பினேன். இரண்டு தடவை.